மூளைக்குள் ஓடும் ரத்தத்தைப் படம் பிடித்தவர்: டாக்டர் எகாஸ் மோனிஸ்

பக்கவாதம் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டில் பெரியவர்களின் முகம் வாடிவிடும். நேற்றுவரை காலையில் வாக்கிங் போய், பேப்பர் படித்து, பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், இன்று ஒரு கையும் ஒரு காலும் அசையாமல், வாய் கோணி, பேச்சுக் குழறிப் படுத்திருக்கும் காட்சியை அறியாத குடும்பம் அநேகமாக இல்லை. ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன்னால் இப்படி ஒருவர் படுத்துவிட்டால், தைலம் தடவிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. இன்றோ, வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு கொண்டு போனால், தொடையருகே சிறு துளையிட்டு, மெல்லிய குழாயை ரத்தக் குழாய் வழியாகவே மூளை வரை செலுத்தி, அடைத்திருக்கும் ரத்தக் கட்டியை வெளியே இழுத்து எடுத்துவிடுகிறார்கள். அப்படிப் பிழைத்துச் சில நாட்களில் வீட்டுக்கு நடந்தே திரும்பியவர்களும் உண்டு.

இது நடக்க வேண்டுமானால், மூளையின் ரத்தக் குழாய்கள் முதலில் டாக்டரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உயிரோடு இருக்கும் மனிதரின் தலைக்குள் ரத்தம் எந்தப் பாதையில் போகிறது, எங்கே தடைப்படுகிறது என்பதை முதன்முதலாகப் படம் பிடித்துக் காட்டியவர், போர்ச்சுகல் நாட்டின் நரம்பியல் பேராசிரியர் டாக்டர் எகாஸ் மோனிஸ். அதே மனிதர்தான் இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் மிகப் பெரிய தவறுகளில் ஒன்றையும் தொடங்கி வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இரண்டாவது காரியத்துக்காகத்தான். அவருடைய வாழ்க்கையின் இரண்டு பக்கங்களையும் உள்ளபடி தெரிந்துகொள்வது நமக்கு மிகவும் உபயோகமாக இருக்கும்.

பெயர் வந்த கதை

வட போர்ச்சுகலில் அவாங்கா என்ற கிராமத்தில் 1874 நவம்பர் 29 அன்று அவர் பிறந்தார். வீட்டார் வைத்த பெயர் அன்டோனியோ கயட்டானோ டி அப்ரூ ஃப்ரேய்ரே. பாதிரியாராக இருந்த சித்தப்பா ஒருவரே அவருடைய படிப்பில் அக்கறை காட்டியவர். எகாஸ் மோனிஸ் என்ற பெயர், குடும்பத்தார் தங்கள் முன்னோராகக் கருதிய ஒரு வீரரின் பெயர்.

அந்த வீரரின் கதை போர்ச்சுகலில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பன்னிரண்டாம் நூற்றாண்டில், அந்நாட்டின் முதல் அரசரான அஃபோன்ஸோ ஹென்ரிக்கின் ஆசானாக இருந்தவர் அவர். லியோன் தேசத்து மன்னன் படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டபோது, என் இளவரசர் உங்களுக்குப் பணிவார் என்று வாக்குக் கொடுத்து முற்றுகையை விலக்கினார். பின்னால் இளவரசர் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. உடனே ஆசான், மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, கழுத்தில் தூக்குக் கயிற்றை மாட்டிக்கொண்டு எதிரி மன்னன் முன்னால் போய் நின்றாராம். கொடுத்த வாக்குக்கு உயிரையே ஈடாகக் கொடுக்க வந்தவரைக் கண்டு மன்னன் மனமிரங்கி விட்டுவிட்டான் என்பது கதை. அரிச்சந்திரனைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்ற ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி வாழ்ந்தார் நம் டாக்டர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

அரசியலும் ஆசிரியப் பணியும்

கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் பெற்றார். பிறகு பிரான்ஸ் சென்று போர்டோ, பாரிஸ் நகரங்களில் அக்காலத்து நரம்பியல் மேதைகளிடம் பயின்றார். 1902-இல் கோயிம்ப்ராவில் பேராசிரியர் ஆனார். 1911-இல் லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் நரம்பியலுக்கென்று புதிதாக ஏற்படுத்திய பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது.

அதே சமயம் அரசியலிலும் ஈடுபட்டிருந்தார். 1903 முதல் 1917 வரை நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு ஸ்பெயினுக்குத் தூதர். 1918-இல் வெளியுறவு மந்திரி. முதல் உலக யுத்தம் முடிந்து பாரிஸில் சமாதான மகாநாடு கூடியபோது போர்ச்சுகல் தூதுக் குழுவுக்குத் தலைவராகப் போனவரும் அவரே. அதன்பின் நாட்டின் அரசியல் நிலை மாறவே, அரசியலை விட்டு விலகி முழு நேரமும் மருத்துவத்துக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பலர் ஓய்வு பெறும் நாளை எண்ணத் தொடங்கும் ஐம்பது வயதில்தான் அவருடைய ஆராய்ச்சியே ஆரம்பமாகிறது.

இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. இளம் வயதிலேயே அவரைக் கீல்வாத நோய் பற்றிக்கொண்டது. கை விரல்கள் வீங்கிக் கோணிப்போயின. கத்தி பிடித்து ஆபரேஷன் செய்ய அவரால் முடியாது. ஆகவே பெட்ரோ அல்மெய்டா லிமா என்ற இளம் அறுவை நிபுணரைத் துணையாக வைத்துக்கொண்டார். யோசனை ஒருவருடையது, கைகள் இன்னொருவருடையது என்ற இந்தக் கூட்டுறவு பல ஆண்டுகள் நீடித்தது.

இருட்டில் இருந்த மூளை

எக்ஸ்-ரே கதிரை ராண்ட்ஜன் 1895-இல் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எக்ஸ்-ரேயில் தெரிவது மண்டை ஓட்டு எலும்புதான். உள்ளே இருக்கும் மூளையும் ரத்தமும் ஒரே மங்கலாகக் காணப்படும். மூளையில் கட்டி இருக்கிறது என்று சந்தேகப்பட்டாலும், அது எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று தெரியாமலேயே மண்டையைத் திறக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வால்ட்டர் டான்டி என்ற நிபுணர் 1918-இல் மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்திப் படம் எடுக்கும் முறையைக் கொண்டு வந்தார். அது ஓரளவு பயன்பட்டாலும், நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் உண்டாக்கக்கூடிய முறை, ஆபத்தும் இருந்தது.

மோனிஸின் யோசனை வேறு. எக்ஸ்-ரேயில் தெரியக்கூடிய ஒரு திரவத்தை மூளைக்குப் போகும் ரத்தத்தோடு கலந்துவிட்டு, அது ஓடும் அந்தக் கணத்திலேயே படம் எடுத்தால், ரத்தக் குழாய்கள் அத்தனையும் மரத்தின் கிளைகள் போலத் தெரியுமல்லவா? கட்டி இருந்தால் கிளைகள் ஒதுங்கியிருக்கும். அடைப்பு இருந்தால் கிளை பாதியில் நின்றிருக்கும்.

சொல்வதற்கு எளிது. அந்தத் திரவம் எக்ஸ்-ரேயைத் தடுக்கும் அளவு அடர்த்தியாக இருக்க வேண்டும். மூளைக்குத் தீங்கும் செய்யக் கூடாது. புரோமைடு உப்புக்களையும் அயோடைடு உப்புக்களையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். முதலில் நாய்களிடமும், இறந்தவர்களின் உடல்களிலும் சோதனை நடந்தது. பிறகு நோயாளிகளிடம் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு கரைசலைப் பயன்படுத்தினார். படம் சரியாக விழவில்லை. அது மட்டுமல்ல, ஒரு நோயாளி இறந்தும் போனார். மோனிஸ் அந்தக் கரைசலைக் கைவிட்டு, ஆபத்துக் குறைந்ததாகத் தோன்றிய சோடியம் அயோடைடுக்கு மாறினார்.

1927 ஜூன் 28

லிஸ்பனில் சாந்தா மார்த்தா ஆஸ்பத்திரி. பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி உள்ள 20 வயது நோயாளி. அல்மெய்டா லிமா கழுத்தைத் திறந்து, மூளைக்குச் செல்லும் கரோட்டிட் தமனியை வெளிக்கொணர்ந்தார். 25 சதவிகித சோடியம் அயோடைடு கரைசலைச் சில மில்லி லிட்டர் அளவு ஊசி மூலம் செலுத்தியவுடன் எக்ஸ்-ரே எடுக்கப்பட்டது. தகட்டைக் கழுவிப் பார்த்தபோது மூளையின் தமனிகள் தெளிவாகத் தெரிந்தன. கட்டி இருந்த இடத்தில் அவை விலகியிருந்ததும் தெரிந்தது. உயிருள்ள மனிதரின் மூளை ரத்தக் குழாய்கள் மனிதக் கண்ணுக்குப் பட்ட முதல் வெற்றிப் படம் அதுவே. மோனிஸுக்கு அப்போது வயது 52.

பத்தே நாட்களில், ஜூலை 7 அன்று பாரிஸ் நரம்பியல் சங்கத்தில் அதை எடுத்துரைத்தார். இன்று ஆஞ்சியோகிராம் என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, மூளைக்கான ஆஞ்சியோகிராம் பிறந்தது இப்படித்தான். அதே லிஸ்பன் நகரில், மோனிஸின் வழியைப் பின்பற்றி ரெய்னால்டோ டோஸ் சான்டோஸ் 1929-இல் வயிற்றுப் பெருந்தமனியையும், லோப்போ டி கார்வால்யோ 1931-இல் நுரையீரல் ரத்தக் குழாய்களையும் படம் பிடித்துக் காட்டினார்கள். ஒரு சின்ன நாட்டின் தலைநகரம் உலகத்துக்கே ரத்தக் குழாய்ப் பட வித்தையைக் கற்றுக்கொடுத்தது.

கோளாறு கழுத்தில்

மோனிஸ் முதலில் தேடியது மூளைக் கட்டிகளைத்தான். ஆனால் படம் எடுக்க எடுக்க, பக்கவாதம் வந்தவர்களும் வந்தார்கள். சிலருக்குத் திரவம் கழுத்து வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. அதாவது, மூளைக்குள் போவதற்கு முன்பே கழுத்திலுள்ள கரோட்டிட் தமனி அடைபட்டிருந்தது. இப்படிப்பட்டவர்களைப் பற்றி மோனிஸும் அவருடைய சகாக்களும் 1937-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

இதன் முக்கியத்துவத்தைச் சற்று விளக்க வேண்டும். பக்கவாதம் வந்தால் கோளாறு மூளைக்குள் இருக்கும் ரத்தக் குழாயில்தான் என்று டாக்டர்கள் பொதுவாக எண்ணியிருந்த காலம் அது. கழுத்தில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில் உள்ள ஒரு குழாய் அடைபட்டு மூளை பாதிக்கப்படலாம் என்பதை உயிரோடு இருப்பவரிடமே காட்ட முடிந்தது ஆஞ்சியோகிராமால்தான். 1951-இல் கனடா நாட்டு டாக்டர் மில்லர் ஃபிஷர், கரோட்டிட் அடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பை விரிவாக நிலைநாட்டினார். பெரிய தாக்குதலுக்கு முன்னால் சில நிமிஷங்கள் வந்து போகும் கை மரத்தல், ஒரு கண் பார்வை மறைதல் போன்றவை எச்சரிக்கை மணிகள் என்பதையும் அவர் வலியுறுத்தினார். 1954-இல் லண்டன் டாக்டர்கள், கரோட்டிட் தமனியைச் சீர்செய்து எச்சரிக்கைத் தாக்குதல்களை நிறுத்தியதை வெளியிட்டார்கள். 1953-இல் ஸ்வீடன் நாட்டு ஸெல்டிங்கர், கழுத்தைத் திறக்காமலேயே ஊசித் துளை வழியாகக் குழாய் செலுத்தும் முறையைக் கண்டார். 1971-இல் சி.டி. ஸ்கேன் வந்தது. 1995-இல் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து பலன் தருவது நிரூபிக்கப்பட்டது. 2015-இல் கட்டியைக் குழாய் மூலம் இழுத்தெடுக்கும் சிகிச்சையின் பலன் பல நாட்டு ஆராய்ச்சிகளில் உறுதியாயிற்று. இந்தக் கடைசிச் சிகிச்சையில் டாக்டர் திரையில் பார்த்தபடி வேலை செய்யும் படம், மோனிஸ் காட்டிய படத்தின் வாரிசுதான்.

ஆஞ்சியோகிராமிலும் ஒரு கறை உண்டு. 1930-களில் சோடியம் அயோடைடுக்குப் பதிலாகத் தோரோட்ராஸ்ட் என்ற திரவம் வந்தது. படம் பிரமாதமாக விழும். செலுத்தும்போது வலியும் இல்லை. மோனிஸும் அதற்கு மாறினார். ஆனால் அதில் இருந்த தோரியம் கதிரியக்கம் உள்ளது. உடலை விட்டு வெளியேறாமல் கல்லீரலில் தங்கி, பல வருஷங்கள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கியது. விஷயம் தெளிவாகி அது கைவிடப்படுவதற்குள் உலகெங்கும் ஏராளமானோர் அதைப் பெற்றுவிட்டார்கள். உடனே தெரியும் பலன் வேறு, இருபது வருஷம் கழித்துத் தெரியும் விளைவு வேறு என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இன்னொரு பக்கம்

1935-இல் லண்டனில் நடந்த சர்வதேச நரம்பியல் மகாநாட்டுக்கு மோனிஸ் சென்றிருந்தார். அங்கே அமெரிக்க விஞ்ஞானிகள், மூளையின் முன்பகுதியை நீக்கிய இரண்டு சிம்பன்சிக் குரங்குகளைப் பற்றிப் பேசினார்கள். அவற்றில் ஒன்று முன்பு தோல்வி கண்டால் ஆத்திரப்பட்டுக் குதித்தது. ஆபரேஷனுக்குப் பின் சாந்தமாகிவிட்டது. மோனிஸ் மனத்தில் ஏற்கெனவே ஓர் எண்ணம் இருந்தது. தீராத மனநோய் உள்ளவர்களின் மூளை முன்பகுதியில் சில இணைப்புகள் இறுகிப்போய், ஒரே எண்ணம் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த இணைப்புகளைத் துண்டித்துவிட்டால் நோய் தணியும் என்பது அவர் ஊகம்.

அதே ஆண்டு நவம்பர் 12 அன்று முதல் ஆபரேஷன் நடந்தது. மண்டையில் இரு துளையிட்டு, மூளையின் வெண்பகுதியில் ஆல்கஹாலைச் செலுத்தினார் அல்மெய்டா லிமா. பிறகு, கம்பி வளையம் கொண்ட ஒரு கருவியால் இணைப்புகளை வெட்டத் தொடங்கினார்கள். இதற்கு லூக்காட்டமி என்று பெயரிட்டார் மோனிஸ். 20 நோயாளிகளுக்குச் செய்து, 7 பேர் குணமடைந்தார்கள், 7 பேருக்கு முன்னேற்றம், 6 பேருக்கு மாற்றமில்லை என்று 1936-இலேயே புத்தகமும் வெளியிட்டுவிட்டார்.

இங்கேதான் நாம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஆஞ்சியோகிராமுக்காக எத்தனையோ கரைசல்களை மாற்றி மாற்றிச் சோதித்த அதே மனிதர், மூளையை வெட்டும் சிகிச்சைக்குச் சில வாரங்கள், சில மாதங்கள் மட்டுமே நோயாளிகளைக் கவனித்துவிட்டு முடிவு சொன்னார். நோயாளி சாந்தமாகிவிட்டார் என்பதையே குணம் என்று எடுத்துக்கொண்டார். அந்தச் சாந்தத்துக்குள் ஆர்வம், பாசம், சுறுசுறுப்பு எல்லாமே போய்விட்டனவா என்று நீண்ட காலம் பார்க்கவில்லை. அவருக்கு நோயாளிகளை அனுப்பி உதவிய லிஸ்பன் மனநோய் நிபுணர் சோப்ரால் சிட், இந்த முடிவுகளை ஏற்கவில்லை. மேற்கொண்டு நோயாளிகளை அனுப்பவும் மறுத்துவிட்டார். அந்தக் குரல் அன்று எடுபடவில்லை.

அன்றைய நிலையையும் சொல்லிவிடுவதே நியாயம். மனநோய்க்கு அப்போது மருந்து என்று எதுவும் கிடையாது. மனநோய் விடுதிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் வருஷக் கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். ஏதாவது செய்ய முடியாதா என்ற தவிப்பு டாக்டர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இருந்தது. அந்தத் தவிப்பில்தான் இந்தச் சிகிச்சை காட்டுத்தீ போலப் பரவியது. அமெரிக்காவில் வால்ட்டர் ஃப்ரீமன் என்பவர் இதை லோபாட்டமி என்று பெயர் மாற்றி, 1946 முதல் கண்குழி வழியாகவே கூரிய கருவியைச் செலுத்திச் சில நிமிஷங்களில் முடித்துவிட்டு ஊர் ஊராகப் போனார். அந்நாட்டில் மட்டும் சுமார் 40,000 பேருக்கு இது செய்யப்பட்டது. பிற்காலத்து ஜனாதிபதி கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 1941-இல் செய்யப்பட்டு, அவர் நடக்கவும் பேசவும் இயலாதவராகி, வாழ்நாள் முழுதும் பிறர் பராமரிப்பிலேயே கழித்தார். நம் தேசத்திலும் 1940-களில் பெங்களூர் மனநல ஆஸ்பத்திரியில் லூக்காட்டமி செய்யப்பட்டது.

பரிசும் பழியும்

ஆஞ்சியோகிராமுக்காக 1928-லேயே நோபல் பரிசுக்கு மோனிஸின் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1949-இல் லூக்காட்டமிக்காகக் கிடைத்தது. ஸ்விட்சர்லாந்தின் வால்ட்டர் ஹெஸ் வேறொரு மூளை ஆராய்ச்சிக்காக அந்தப் பரிசின் மறு பாதியைப் பெற்றார். போர்ச்சுகலுக்கு வந்த முதல் நோபல் பரிசு அதுதான். அடுத்த வருஷமே சோவியத் யூனியன் இந்த ஆபரேஷனைத் தடை செய்தது. 1952 முதல் குளோர்ப்ரோமசின் என்ற மாத்திரை மனநோய் சிகிச்சையில் புகுந்ததும் லூக்காட்டமி தேய்ந்து மறைந்தது.

மோனிஸை 1939-இல் நோயாளி ஒருவர் துப்பாக்கியால் பலமுறை சுட்டுவிட்டார். லூக்காட்டமி செய்யப்பட்டவர்தான் பழி வாங்கினார் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. சுட்டவருக்கு அந்த ஆபரேஷன் நடக்கவே இல்லை. மோனிஸ் பிழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் நூல்கள் எழுதினார். சீட்டாட்டக் கார்டுகளின் வரலாற்றைப் பற்றியும் ஒரு புத்தகம் உண்டு. 1955 டிசம்பர் 13 அன்று லிஸ்பனில் 81-ஆம் வயதில் காலமானார். அவாங்காவில் அவர் இல்லம் அருங்காட்சியகமாக இருக்கிறது. லிஸ்பனில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவர் பெயர். லோபாட்டமிக்கு ஆளானவர்களின் குடும்பத்தார் சிலர், அந்த நோபல் பரிசை ரத்து செய்ய வேண்டும் என்று பிற்காலத்தில் கோரினார்கள். கொடுத்த பரிசைத் திரும்பப் பெற நோபல் விதிகளில் இடமில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

கழுத்தில் கயிற்றோடு போய் நின்ற அந்தப் பழைய எகாஸ் மோனிஸை இப்போது நினைத்துப் பார்க்கலாம். ஒரு டாக்டர் நோயாளிக்குத் தரும் நம்பிக்கையும் ஒரு வாக்குத்தான். அதற்குப் பொறுப்பேற்பது என்றால், சிகிச்சைக்குப் பின் பல வருஷங்கள் அவரைத் தொடர்ந்து கவனித்து, நடந்ததை நடந்தபடி சொல்வது. ஆஞ்சியோகிராமில் உலகம் அந்த வேலையைச் செய்தது. தோரோட்ராஸ்ட்டைத் தள்ளிவிட்டு நல்ல திரவங்களைக் கண்டுபிடித்தது. லூக்காட்டமியில் அந்த வேலை நடப்பதற்குள் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல முடியாத பல்லாயிரம் பேர் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்காக மூளையில் ஆபரேஷன் செய்வதானால் நோயாளியின் சம்மதமும், அதற்கென உள்ள வாரியத்தின் அனுமதியும் கட்டாயம் வேண்டும் என்று விதித்திருக்கிறது. அனுபவத்தால் வந்த ஞானம் இது.

நம் வீட்டில் யாருக்கேனும் பெரிய சிகிச்சை ஒன்றைச் சிபாரிசு செய்தால், இதனால் குணமானவர்கள் ஐந்து வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். மனநலம் குன்றியவர் வீட்டில் இருந்தால், அவர் அமைதியாக இருக்கிறாரா என்பதோடு, அவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

மோனிஸ் விட்டுச் சென்ற நல்ல சொத்தைப் பயன்படுத்திக்கொள்ள நம் பங்குக்கு ஒரு காரியம்தான் உண்டு: நேரத்தை வீணாக்காமல் இருப்பது. ஒருவருக்குத் திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினாலோ, இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. தண்ணீரோ காபியோ மாத்திரையோ கொடுக்கக் கூடாது. விழுங்க முடியாமல் புரையேறலாம். வந்திருப்பது அடைப்பா ரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்பதால், நாமாக ஆஸ்பிரின் கொடுப்பதும் தவறு. கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, சி.டி. ஸ்கேனும் பக்கவாதச் சிகிச்சையும் உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய் மூலம் கட்டியை எடுப்பது தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரை பயன்படலாம் என்றாலும், ஒவ்வொரு நிமிஷ தாமதமும் மூளைக்கு நஷ்டமே. சில நிமிஷங்களில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்; அது எச்சரிக்கை மணி. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள அன்பர்கள் மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது.

உங்கள் ஊரில் இந்தச் சிகிச்சை இரவும் பகலும் கிடைக்கும் ஆஸ்பத்திரி எது என்பதை இன்றே விசாரித்து, அதன் போன் நம்பரை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கும் அதை எழுதிக் கொடுங்கள்.